இருபது நிமிட உறுப்பினர்

எங்கள் தொகுதிக்குப் பொன்விழா மலர் போடுகிறார்கள், வரலாற்றுப் பகுதியை நீங்கள்தான் எழுத வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர் வீடு தேடி வந்து கேட்டார். நான் உடனே தலையாட்டியதற்கு ஊர்ப்பற்று காரணமில்லை. நான் வரைந்த ஒரு மணியைச் சொல்லிச் சொல்லி முப்பது வருஷமாக ஊர் என்னைக் கேலி செய்கிறது. பதில் சொல்ல எனக்கு அச்சடித்த பக்கம் ஒன்று வேண்டியிருந்தது.

பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் ‘பலகை சார்’ என்றால்தான் தெரியும். ஓட்டு எண்ணிக்கை எங்கள் பள்ளி மண்டபத்தில்தான் நடக்கும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் உள்ளேயிருந்து ஜன்னல் வழியாக ஒரு துண்டுச் சீட்டு வரும். அதைப் பார்த்து, வராந்தாவில் நிறுத்திய கரும்பலகையில் நான் எழுத வேண்டும். பெயர் எழுதிப் பிரயோசனமில்லை. மைதானத்துக் கோடியில் நிற்பவனுக்குத் தெரியாது. ஆகவே சின்னத்தைப் பெரிதாக வரைந்து கீழே எண்ணைப் போடுவேன். வானொலியில் சொன்னால்கூட, “பலகை சார் போட்டுட்டாரா?” என்று கேட்டுவிட்டுத்தான் வெடி வைப்பார்கள். அவ்வளவு மரியாதை.

இனி வரலாறு. ஐம்பது வருஷத்தில் பன்னிரண்டு தேர்தல். ஜெயித்த ஆட்கள் ஏழே பேர். அந்த ஏழு பேரும் இருந்து பார்த்த கட்சிகளைக் கூட்டினால் பத்தொன்பது வருகிறது. முதல் உறுப்பினர் ஆற்றுக்குப் பாலம் கட்டுவதாகச் சொல்லி ஜெயித்தார். ஐந்து வருஷத்தில் ஆறு வற்றிவிட்டது. பாலத்துக்கே தேவையில்லாமல் செய்துவிட்டேன் என்று சொல்லி இரண்டாம் முறையும் ஜெயித்தார். மூன்றாம் தேர்தலில் அவரை எதிர்த்து அவருடைய மைத்துனரே நின்றார். குடும்பச் சண்டை என்று ஊரே வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்த்தது. எவர் ஜெயித்தாலும் பதவி அந்த வீட்டு வாசற்படி தாண்டாது என்பது எங்களுக்கு உறைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. நாலாவதிலிருந்து போட்டி மணிக் கட்சிக்கும் நாற்காலிக் கட்சிக்கும். நாற்காலியையே சின்னமாக வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்டவர்களின் நேர்மையை நான் இன்றும் மெச்சுகிறேன்.

ஆறாவது தேர்தலில்தான் பூட்டுக்காரர் வருகிறார்.

கோர்ட்டு மதிலை ஒட்டி ஒரு மடக்கு மேஜை, ஒரு பெரிய குடை, இரும்பு வளையத்தில் கோத்த வெட்டாத சாவிகள், நாலைந்து அரம். அதுதான் அவர் கடை. பூட்டைக் காதோடு வைத்துச் சாவியை மெல்லத் திருப்புவார். எங்கே தடுக்கிறது என்று கேட்டே சொல்லிவிடுவார். சாவி வெட்டக் கொடுத்தவர்களிடம் கொடுக்கச் சின்னச் சீட்டு அச்சடித்து வைத்திருந்தார். ‘சாவி நாளை தயார். நேரில் வரவும்’ என்று அதில் இருக்கும். நாளை என்றால் நாளைதான். சொன்னதைச் சொன்ன நாளில் செய்கிற ஆள். அரசியலுக்கு இதைவிடப் பெரிய தகுதிக் குறைவு கிடையாது.

அவர் மனைவிக்கு அரசு ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில் ஆயா வேலை. அந்த ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நிற்காது. ஏழாம் நம்பர் பஸ் மில் வாசலில் நின்றால் அடுத்து ரயில்வே கேட்டில்தான் நிற்கும். ஆஸ்பத்திரி இரண்டுக்கும் நட்ட நடுவில் இருந்தது. நிறுத்தங்களின் பட்டியல் போட்ட காலத்தில் ஆஸ்பத்திரி கட்டப்படவில்லை. கட்டிய பிறகு பட்டியலைத் திருத்த வேண்டுமானால் உறுப்பினர் எழுத்தில் பரிந்துரை செய்ய வேண்டும். ஒரு மத்தியானம் நிறைமாதப் பெண் ஒருத்தி கேட்டில் இறங்கி, வெயிலில் நடந்து வந்து, பாதி வழியில் சாலையோரத்திலேயே பெற்றுவிட்டாள். வார்டிலிருந்து போர்வையை அள்ளிக்கொண்டு ஓடியவர் பூட்டுக்காரர் மனைவி. தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம். “ஊர்ல இருக்கற பூட்டெல்லாம் தொறக்கறீங்க. அந்த பஸ் கதவ அந்த ஒரு எடத்துல தொறக்க வெக்க முடியலையே உங்களால.”

பூட்டுக்காரர் அடுத்தடுத்து இரண்டு உறுப்பினர்களிடம் ஒன்பது மனு கொடுத்தார். ஒன்பதும் பரிசீலனையில் இருந்தன. பத்தாவதாக அவர் கொடுத்தது வேட்புமனு.

கேட்ட சின்னமே கிடைத்தது, பூட்டு. மனைவிக்கு விடுமுறை நாளென்றால் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். “ஜெயிச்சா ஒண்ணே ஒண்ணுதான் செய்வேன். ஆஸ்பத்திரி வாசல்ல பஸ் நிக்கும்.” ஜனங்களுக்குச் சிரிப்பு. ஒரே ஒரு காரியமா? மணிக் கட்சி நாற்பத்திரண்டு வாக்குறுதி கொடுத்திருந்தது, நாற்காலிக் கட்சி அறுபது. “பூட்டுக்கு ஓட்டுப் போட்டா தொகுதியே பூட்டிக்கும்” என்று ஒருவர் மேடையில் சொல்ல, அதையே பெரிய நகைச்சுவையாக ஒரு மாதம் பேசிக்கொண்டு திரிந்தார்கள்.

எண்ணிக்கை நாள். ஒன்பது சுற்றில் எட்டு முடிந்திருந்தது. மணியும் நாற்காலியும் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. சாரலில் என் பலகை முழுக்க அழிந்து போயிற்று. ஜன்னலில் கடைசிச் சீட்டு வந்தது. கடைசிச் சுற்றில் முதல் இரண்டு பேரை மட்டும்தான் போடுவது வழக்கம். மற்றவர்களைப் போட்டால் அவர்களுக்கே சங்கடம். ஈரப் பலகையில் ஈரச் சாக்பீஸால் மணியை வரைந்து கீழே 31,408 என்று எழுதினேன். நாற்காலியை வரைந்து 31,126. பிறகு சட்டையைப் பிழிந்து போட்டுக்கொள்ளவும் ஒரு டீ குடிக்கவும் பின்கட்டுக்குப் போனேன்.

மணிக்கு மேலே மாட்டுவதற்கு ஒரு வளையமும் நடுவே நாக்கும் போட்டிருந்தேன். ஈரத்தில் வளையம் பருத்துவிட்டது. நாக்கு கரைந்து, சாவி போடுகிற ஓட்டை மாதிரி ஆகிவிட்டது. என் மணி மணியாகத்தான் இருந்தது, மழைதான் அதைப் பூட்டாக்கியது. இதைச் சொன்னால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

“பூட்டு! பூட்டு ஜெயிச்சிருச்சுடோய்!”

முதலில் கத்தியவன் யார் என்று இன்றுவரை தெரியாது. எட்டுச் சுற்றாக இருநூறைத் தாண்டாத பூட்டு ஒரே தாவலில் முப்பத்தோராயிரம் எப்படி வாங்கும் என்று ஒருவனாவது கேட்டிருக்க வேண்டுமா இல்லையா? அதற்குள் டீக்கடையில் காரணமே கண்டுபிடித்துவிட்டார்கள். “ஊமை அலைப்பா. நான் அப்பவே சொல்லல?” “தாய்மாருங்க ஓட்டு மொத்தமா பூட்டுக்குப் போயிருக்கு. சைக்கிள்ல பொண்டாட்டிய வெச்சுக்கிட்டுப் போனாருல்ல, அது வேலை செஞ்சிருக்கு.” அப்படி விளக்கிய இரண்டு பேரில் ஒருவர் இப்போது தொலைக்காட்சியில் தேர்தல் விமர்சகர்.

மைதான ஓரத்தில் குடை பிடித்து நின்றிருந்த பூட்டுக்காரரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். மணிக் கட்சிக்காரர்கள் வாங்கி வைத்திருந்த மாலை அவர் கழுத்தில் விழுந்தது. ஜெயிப்பவர் எவராக இருந்தாலும் முதல் கும்பிடு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று காலையிலிருந்தே காத்திருந்த பஸ் டிப்போ மேலாளர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார்.

“ஐயா, ரொம்ப சந்தோஷங்க! டிப்போவுக்கு ஏதாச்சும் உத்தரவுன்னா சொல்லுங்க, செஞ்சுடறோம்.”

தோள்மேல் இருந்தபடியே பூட்டுக்காரர் குனிந்தார். “ஏழாம் நம்பர் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும். நாளையிலேர்ந்து.”

“நின்னுருச்சுன்னே வெச்சுக்கோங்க. ஒரு வரி எழுத்துல குடுத்துட்டா எங்களுக்கும் நல்லது பாருங்க.”

பூட்டுக்காரர் சட்டைப்பையைத் துழாவினார். இருந்தது சாவிச் சீட்டுதான். அதன் முதுகில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மேலாளர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இருபதாவது நிமிஷத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. மணிக் கட்சி வேட்பாளரான மில்காரர் இருநூற்று எண்பத்திரண்டு ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி. பூட்டுக்கு இருநூற்றுப் பதினாலு, டெபாசிட் காலி. கூட்டம் அவரை இறக்கிக்கூட விடவில்லை, அப்படியே விலகிக்கொண்டது. விழுந்ததில் கணுக்கால் பிசகிவிட்டது. மாலையை மட்டும் மறக்காமல் உருவிக்கொண்டு போய் மில்காரர் கழுத்தில் போட்டார்கள். எனக்கு மெமோ வந்தது.

நொண்டிக்கொண்டே அவர் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். நானும் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு போனேன். வேறென்ன செய்ய, செய்தது நானல்லவா? மனைவி காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் கட்டுப் போட்டார்.

“ஜெயிச்சுட்டீங்கன்னு வாட்ச்மேன் ஓடி வந்து சொன்னாரே?”

“ஜெயிச்சேன்.”

“எவ்வளவு நேரம்?”

“இருபது நிமிஷம்னு சார் சொல்றாரு.”

“அதுல என்ன கிழிச்சீங்க?”

“பஸ்ஸ நிக்கச் சொல்லிட்டேன்.”

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது. மறுநாள் காலை வேலைக்கு வந்தபோது ஏழாம் நம்பர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. இறங்கவே தோன்றாமல் உட்கார்ந்திருந்தாராம். “எறங்கும்மா, ஒனக்காகத்தானே நிக்குது” என்று கண்டக்டர் அதட்டிய பிறகுதான் இறங்கினாராம்.

மேலாளர் உத்தரவை ரத்து செய்திருக்கலாம். ஆனால் ரத்து செய்வதற்குக் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால், பூட்டு ரிப்பேர் செய்கிறவரைக் கும்பிட்டு உத்தரவு வாங்கியதையும் எழுத வேண்டும். சீட்டை ஒரு கோப்பில் போட்டு, கோப்பை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பஸ் நின்றுகொண்டே இருந்தது.

பின்னால் வந்த ஆறு தேர்தல்களிலும் ஆஸ்பத்திரி நிறுத்தம் துண்டறிக்கையில் ‘சாதனை’யாக வந்தது. மில்காரர் தான் வைத்தது என்றார். அவரைத் தோற்கடித்தவர் அங்கே ஒரு நிழற்குடை கட்டி, தன் பெயரை மூன்றடி உயரத்தில் எழுதினார். அடுத்து வந்தவர் பெயரை மட்டும் சுரண்டித் தன் பெயரை எழுதினார். கூரை ஒழுகியது, பெயர் மட்டும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுசாகும். பூட்டுக்காரர் அந்த நிழற்குடையில் உட்கார்ந்து மனைவிக்காகக் காத்திருப்பார், வாயே திறக்க மாட்டார்.

போன மாதம் நிழற்குடையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பட்டியலில் இல்லாத நிறுத்தங்கள் ஒன்றாம் தேதி முதல் நீக்கப்படும். மூல உத்தரவு இருந்தால் காட்டவும். புதிதாக வந்த போக்குவரத்து அதிகாரி ஒரு பெண், கறாரானவர். நாலு முன்னாள் இந்நாள் உறுப்பினர்களும் அந்த நிறுத்தம் தங்கள் சாதனைதான் என்றார்கள். உத்தரவு நகல் கேட்டதும் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் மறதி வந்தது.

இதில் யாருக்கு என்ன போயிற்று என்றால், பூட்டுக்காரர் மனைவிக்குத்தான் போயிற்று. அவருக்கு இப்போது சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. தான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறார். மிஷினை விட்டு எழுந்தால் வாசல்வரை வரவே கணவர் தோள் வேண்டும். ரயில்வே கேட் வரை என்றால் அது நடக்கிற காரியமில்லை, எப்படிப் பார்த்தாலும். வாரம் ஆறு நடை ஆட்டோவுக்குச் சாவி வெட்டிக் கட்டுப்படியாகுமா?

உத்தரவு இருந்தால் டிப்போவின் பழைய இரும்பு அலமாரியில்தான் இருக்க வேண்டும். அதன் சாவி மேலாளரோடு போய்விட்டது. மேலாளர் உலகத்தை விட்டே போய்விட்டார். கடப்பாரை போட்டும் கதவு அசையவில்லை. ஊரில் பூட்டுத் திறக்க யாரைக் கூப்பிடுவார்கள்? அவரையேதான் கூப்பிட்டார்கள். காதை வைத்துக் கேட்டு நாலு நிமிஷத்தில் திறந்தார். உள்ளே அவருடைய சீட்டே இருந்தது.

அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். ஒரு பக்கம் உத்தரவு; மறுபக்கம், ‘சாவி நாளை தயார். நேரில் வரவும்.’

“இதுல கையெழுத்துப் போட்டது யாரு?”

“நான்தாம்மா.”

“நீங்க எப்ப மெம்பரா இருந்தீங்க?”

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். “ஒரு மழை நாள்ல” என்றாராம்.

“மெம்பர் லிஸ்ட்ல உங்க பேர் இருந்தா நான் ஒத்துக்கறேன் ஐயா. இல்லேன்னா என் கையில ஒண்ணுமில்ல.”

அன்று சாயங்காலம் அவர் என் வீட்டுக்கு வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். பட்டியலைப் பற்றிச் சிபாரிசு ஏதும் கேட்கவில்லை. மடித்த வெள்ளைத் தாள் ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

“இன்னொரு மனு எழுதணும் சார். உங்க கையெழுத்து அழகா இருக்கும். அழகா இருந்தா படிப்பாங்களோ என்னவோ.”

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனுஷனுடைய ஆயுசில் ஒரே ஒரு காரியம் நிறைவேறியது. அதுவும் என்னுடைய தப்பால். அந்தத் தப்பை மறைக்கத்தான் இத்தனை வருஷமும் மழைமேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

“மனுவெல்லாம் வேணாம். ஒண்ணாந்தேதிக்கு முன்னால மலர் வந்துரும், போங்க” என்றேன்.

உறுப்பினர் பட்டியலை அட்டவணையாகப் போட்டிருந்தேன்: வரிசை எண், பெயர், சின்னம், பதவிக்காலம், செய்த பணி. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ‘6-அ’ என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் முழுப்பெயர். சின்னம்: பூட்டு. பதவிக்காலம்: இருபது நிமிடம். செய்த பணி: ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தம். அந்த வரியில் எதைப் பொய் என்பீர்கள்? அந்த இருபது நிமிஷமும் ஊர் அவரை உறுப்பினராகத்தான் தூக்கி வைத்திருந்தது. மற்ற பன்னிரண்டு வரிகளிலும் செய்த பணியைக் கட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தபடியே போட்டிருந்தேன். அதில் எத்தனை உண்மை என்று என்னைக் கேட்காதீர்கள்.

உறுப்பினரின் முன்னுரையையும் என்னையே எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். எழுதினேன். ‘இம்மலரின் ஒவ்வொரு வரியையும் நானே படித்துச் சரிபார்த்தேன்’ என்று தொடங்கினேன். அவர் அதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மலர் வெளியான மறுநாளே அதிகாரி அதைக் கையில் எடுத்துக்கொண்டு உறுப்பினர் அலுவலகத்துக்கு வந்தார். வேண்டுமென்றே நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

“ஐயா, நாற்பத்தோராம் பக்கம். ஆறு-அ. இது அச்சுப்பிழையா?”

உறுப்பினர் பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தப்பு என்றால் முன்னுரை பொய். முன்னுரை பொய் என்றால் வெளியே நிருபர்கள்.

“மலர்ல இருக்கறதெல்லாம் கரெக்ட்தாம்மா. நான் ஒவ்வொரு வரியும் படிச்சேன்.”

“அப்ப சரி” என்றார் அதிகாரி. முகத்தில் ஒரு சுருக்கமில்லை. ஆனால் முத்திரை குத்தும்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

நிறுத்தத்துக்குப் புதுப் பலகை எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ‘அரசு மருத்துவமனை’ என்று எழுதி, கீழே மூலையில் ஒரு பூட்டு வரைந்தேன். கை கொஞ்சம் நடுங்குகிறது, வயசாகிவிட்டது. இருந்தாலும் வளையம், உடம்பு, சாவி ஓட்டை எல்லாம் நிதானமாகப் போட்டேன். எண்ணெய்ப் பெயின்ட், மழைக்கெல்லாம் அசையாது.

ஒன்றாம் தேதி அவர்கள் இருவரோடு நானும் ஏழாம் நம்பரில் ஏறினேன். கண்டக்டர் வேலைக்குப் புதுசு. ஆஸ்பத்திரி நெருங்கியதும் தலையை வெளியே நீட்டிப் பலகையைப் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

“மணி ஸ்டாப்! மணி ஸ்டாப் எறங்கறவங்க வாங்க!”

எனக்கு வந்ததே கோபம். “யோவ், அது பூட்டுய்யா! கண்ணு தெரியல?”

“பூட்டா? மணி மாதிரில்ல சார் இருக்கு. மணிக் கட்சிக்காரங்க வெச்ச ஸ்டாப்புதானே இது?”

அந்த அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் வார்டில் சிரித்த அதே சிரிப்பு, சத்தம் மட்டும் குறைந்திருந்தது. பூட்டுக்காரர் முதலில் இறங்கித் தோளைக் கொடுத்தார்.

“நாளைக்கே வந்து மாத்தி வரைஞ்சுடறேன்” என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“விடுங்க சார். யாரு பேருல வேணா இருக்கட்டும். நிக்குதுல்ல” என்றார் அவர்.

வாசலுக்கு எட்டு அடிதான் இருந்தது. அந்த அம்மா கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த எட்டு அடியை நடந்து உள்ளே போனார். அதுவரை பஸ் நகரவில்லை.